காய் பறிப்பதும் பயிர் வேலைதான்

மாடித் தோட்டம் போடுகிறவர்கள் கேட்கும் கேள்விகளில் பெரும்பாலானவை விதை, மண், உரம், பூச்சி இவற்றைப் பற்றியே இருக்கும். பறிப்பதைப் பற்றி யாரும் கேட்பதில்லை. "காய் வந்தா பறிக்க வேண்டியதுதானே, அதுல என்ன இருக்கு?" என்று நினைக்கிறோம். நான் சில வருடங்களாகத் தொட்டியிலும் பையிலும் காய்கறி வளர்த்து, குறிப்பு எழுதி, கிடைத்ததைப் படித்துப் பார்த்ததில் எனக்குப் பட்டது வேறு. ஒரு செடி எத்தனை நாள் காய்க்கும், எவ்வளவு காய்க்கும் என்பதில் உரத்துக்கு உள்ள பங்கு பறிக்கிற கைக்கும் உண்டு. வெண்டை, கத்தரி, கொத்தவரை, அவரை, பாகல், வெள்ளரி இவற்றுக்கெல்லாம் இது பொருந்தும். நன்றாக இருக்கும் செடியை "காய்ப்பு ஓஞ்சு போச்சு" என்று பிடுங்கி எறிகிறவர்கள் நிறைய பேர். பல சமயம் அந்தச் செடி ஓய்ந்திருக்காது. அதன் வேலை முடிந்துவிட்டது என்று நாம்தான் அதற்குச் சொல்லியிருப்போம்.

அது எப்படி என்று பார்க்கலாம்.

செடியின் கணக்கு வேறு, நம் கணக்கு வேறு

நமக்கு வெண்டைக்காய் என்பது பொரியல். செடிக்கு அது விதைப் பை. பூத்து, மகரந்தம் சேர்ந்து, காய் பிடித்து, உள்ளே விதை முற்றி, காய் காய்ந்து வெடித்து விதை கீழே விழ வேண்டும். ஓராண்டுப் பயிர்கள் வளர்வதே இதற்காகத்தான். போதுமான விதை தயாராகிவிட்டால், அதற்குமேல் புது இலையும் புதுப் பூவும் விடுவதால் அந்தச் செடிக்கு ஒரு லாபமும் இல்லை.

இது இரண்டு வழியில் நடக்கிறது. முதலாவது, சாப்பாட்டுப் பங்கீடு. இலை தயாரிக்கும் சர்க்கரை, தேவை எங்கே அதிகமோ அந்தப் பக்கம் ஓடும். முற்றிக்கொண்டிருக்கும் விதைக்குப் பசி அதிகம். மாவுச்சத்து, புரதம், எண்ணெய் என்று எல்லாவற்றையும் அது தனக்குள் சேமித்துக்கொள்ள வேண்டும். பிஞ்சுக் காய் பெரும்பாலும் தண்ணீர்தான், செடிக்குச் செலவு குறைவு. ஒரே ஒரு காயை முற்ற விட்டால்கூட, நுனிக் குருத்துக்கும் மொட்டுக்கும் போக வேண்டியதில் ஒரு பங்கு அந்தக் காய்க்குப் போய்விடும். தொட்டிச் செடிக்கு வேர் ஓட இடமும் குறைவு என்பதால் இந்த இழுபறி நிலத்தில் இருப்பதைவிடச் சீக்கிரமே கண்ணில் படும்.

இரண்டாவது, தகவல். வளரும் விதைகளிலிருந்து கிளம்பும் வளர் ஊக்கிகள் (ஹார்மோன்கள்) செடியின் மற்ற பாகங்களுக்கும் செய்தி கொண்டுபோகின்றன. விதைகள் பெருகப் பெருக, நுனியில் பூ விடுவது குறைந்து கடைசியில் நின்றுவிடுகிறது.

இதை ஆய்வாளர்கள் செய்தே பார்த்திருக்கிறார்கள். 1926-இல் அமெரிக்காவின் மிசௌரியில் மர்னீக் என்பவர் தக்காளிச் செடிகளை வைத்துச் செய்த சோதனைகளில், காய்கள் நிறைந்த செடியில் வளர்ச்சியும் பூப்பதும் தடைபடுவதையும், காய்களை நீக்கினால் செடி திரும்பவும் வளரத் தொடங்குவதையும் விவரித்திருக்கிறார். 1994-இல் வெளிவந்த இன்னொரு ஆய்வு, தாவர ஆய்வுக்கூடங்களில் வழக்கமாக வளர்க்கும் அராபிடாப்சிஸ் என்ற செடியைப் பற்றியது. கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த சின்னச் செடி இது. அதன் எல்லாக் கிளைகளும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் பூப்பதை நிறுத்திவிடும். ஆனால் காய்களைக் கிள்ளி எடுத்துக்கொண்டே வந்தால் அந்த நிறுத்தம் வருவதில்லை, செடி தொடர்ந்து பூக்கிறது. விதை சரியாகப் பிடிக்காத வகைச் செடிகளிலும் அப்படித்தான். ஆக, பூ நிற்பதற்கு வயது மட்டும் காரணம் இல்லை. விதை சேர்ந்ததும் ஒரு காரணம்.

வெண்டைக்காயை நாள் விட்டு நாள் பறிக்க வேண்டும் என்று ஊரில் சொல்வார்கள். "ஒரு காயை முத்த விட்டா மத்த காயெல்லாம் நின்னுடும்" என்பார்கள். ஆய்வு சொல்வதும் அதுவேதான்.

எல்லாக் காய்க்கும் ஒரே விதி இல்லை

இந்தக் கணக்கை வைத்துக் காய்கறிகளை மூன்றாகப் பிரித்துக்கொண்டால் குழப்பம் வராது.

முதல் வகை, பிஞ்சில் சாப்பிடுபவை: வெண்டை, கத்தரி, வெள்ளரி, பாகல், பீர்க்கு, புடல், சுரை, கொத்தவரை, பீன்ஸ், அவரை, பச்சை மிளகாய். விதை முற்றுவதற்கு முன்னால் காயை எடுத்துவிடுகிறோம். பறிக்கப் பறிக்கக் காய்ப்பவை இவைதான்.

இரண்டாவது வகை, முற்ற விட்டோ பழுக்க விட்டோ சாப்பிடுபவை: பறங்கி, சாம்பல் பூசணி, தக்காளி, வற்றலுக்கான மிளகாய். இங்கே விதை முற்றுவதைத் தவிர்க்க முடியாது. அதனால் ஒரு பூசணிக் கொடியிடம் இருபது காய் எதிர்பார்க்கக் கூடாது. இரண்டு மூன்று காய் நன்றாகத் திரண்டதும் அது அதற்குமேல் பிடிக்கும் பிஞ்சுகளைத் தானே உதிர்த்துவிடும். உரம் போதவில்லை என்று நினைத்து அள்ளிக் கொட்ட வேண்டியதில்லை.

மூன்றாவது வகை, ஒரே அறுவடை: முள்ளங்கி, கேரட், பீட்ரூட், வெங்காயம், காலிஃபிளவர். எடுத்தால் முடிந்தது. இவற்றில் நாள் தவறினால் அடுத்த காய் குறையும் என்ற பேச்சே இல்லை, கையில் இருப்பதே கெட்டுப்போகும். முள்ளங்கியை மண்ணில் விட்டுவைத்தால் உள்ளே பஞ்சு மாதிரி ஆகிவிடும்.

கீரைகள் தனி. அதைப் பின்னால் சொல்கிறேன்.

காய் காயாக

வெண்டை: பூவின் ஆயுள் ஒரே நாள். காலையில் விரியும், மாலைக்குள் சுருங்கிவிடும். அதிலிருந்து ஐந்து முதல் ஏழு நாளில் காய் பறிப்புக்கு வந்துவிடுகிறது. அதன் பிறகு நார் ஏறுவது மிக வேகம். முந்தாநாள் விரல் நீளம் இருந்தது இன்று கத்தி இறங்காமல் இருக்கும். கடையில் நுனியை ஒடித்துப் பார்க்கிறோமே, அதே சோதனைதான் செடியிலும். 'பட்'டென்று ஒடிந்தால் பிஞ்சு, வளைந்தால் முற்றல். ஆனால் ஒடித்துப் பார்க்கிற அளவுக்கு விடாமல், நாள் கணக்கு வைத்துக்கொள்வது நல்லது. இலைகளுக்குப் பின்னால், தண்டோடு ஒட்டி ஒளிந்திருக்கும் காய்தான் எப்போதும் தப்பிக்கும். மேலிருந்து பார்க்காமல், குனிந்து அடியிலிருந்து மேலே பார்த்தால் அகப்படும். தப்பியது முற்றிவிட்டாலும் செடியிலேயே விடக் கூடாது. சமையலுக்கு ஆகாது என்றாலும் வெட்டி எடுத்துவிட வேண்டும்.

கத்தரி: அளவைப் பார்க்காதீர்கள், பளபளப்பைப் பாருங்கள். தோல் மினுமினுப்பாக இருக்கும்வரை பிஞ்சு. மங்கலாகிவிட்டால் உள்ளே விதை கடினமாகத் தொடங்கிவிட்டது என்று பொருள், கசப்பும் வரும். மஞ்சள் ஓடினால் அது விதைக் காய். கத்தரியில் பறிப்பதோடு இன்னொரு வேலையும் சேர்ந்தே நடக்க வேண்டும். கொழுந்து மட்டும் தலை சாய்ந்து வாடி நின்றால் உள்ளே தண்டுத் துளைப்பான் புழு இருக்கும். அதைப் புழுவோடு சேர்த்துக் கிள்ளி அப்புறப்படுத்த வேண்டும். ஓட்டை விழுந்த காயையும் அப்படியே. "சின்ன ஓட்டைதானே" என்று விட்டால் அடுத்த தலைமுறைப் பூச்சி அதிலிருந்துதான் கிளம்பும்.

பாகல்: முள் கூராக, நிறம் அழுத்தமாக இருக்கும்போது பறிக்க வேண்டும். பள்ளங்கள் விரிந்து நிறம் வெளுக்கத் தொடங்கினால் அடுத்த இரண்டொரு நாளில் நுனி மஞ்சளாகிவிடும். பழுக்க ஆரம்பித்ததும் காய் எத்திலீன் என்ற வாயுவை வெளியிடுகிறது, அதனால் பழுப்பது இன்னும் வேகமாகிறது. பறித்த பாகற்காயை வாழைப்பழத் தாருக்குப் பக்கத்தில் வைத்தால் மறுநாள் மஞ்சளாக நிற்பதும் இதனால்தான்.

பீர்க்கு, சுரை, புடல்: இந்த மூன்றிலும் பிஞ்சு அழுகி விழுகிறது என்ற புகார் அடிக்கடி வரும். பல சமயம் காரணம் மகரந்தம் சேராததுதான். பீர்க்கு சாயங்காலம் பூக்கும், சுரையும் புடலும் பொழுது சாய்ந்த பிறகு. பறங்கி, பாகல், வெள்ளரி காலைப் பூக்கள். மாடிக்குத் தேனீ வரும் நேரமும் பூ விரியும் நேரமும் பொருந்தாவிட்டால் பிஞ்சு நிற்காது. ஆண் பூவைப் பறித்து, பெண் பூவின் நடுவில் மெல்லத் தடவிவிட்டால் போதும். பூவுக்குக் கீழே குட்டிக் காய் மாதிரி இருந்தால் அது பெண் பூ. பீர்க்கு, சுரைக்கு இதை மாலையில் செய்ய வேண்டும். காலையில் எழுந்து சுரைப் பூவைத் தேடினால் வாடிய பூதான் இருக்கும். பறிக்கும் நேரத்துக்கு அடையாளம், சுரையில் நகம் எளிதாக இறங்க வேண்டும், தோலில் மெல்லிய ரோமம் இருக்க வேண்டும். பீர்க்கில் வரப்பு விறைக்கும் முன், எடை குறைந்து காய் 'லேசாக'த் தோன்றும் முன் எடுத்துவிட வேண்டும்.

அவரை, பீன்ஸ், கொத்தவரை: வெளியிலிருந்து விதை புடைத்துத் தெரிந்தால் காய்கறிப் பருவம் தாண்டிவிட்டது. நம்மூர்ப் பழைய அவரை ரகங்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவை பகல் குறைந்து இரவு நீளும்போது பூக்கும் இயல்புள்ளவை. ஆடியில் போட்ட கொடி மாதக்கணக்கில் இலையாகவே படர்ந்து, பனிக்காலத்தில்தான் பூவெடுக்கும். "இலைதான் வருது, காயே இல்ல" என்று ஐப்பசியில் வெட்டிவிடாதீர்கள். கொடி காத்திருப்பது தன் மாதத்துக்காக.

தக்காளி: செடியிலேயே சிவக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அடிப்பக்கத்தில் லேசாக வெளிறி இளஞ்சிவப்பு எட்டிப்பார்த்தால் போதும், அதற்குள் பழுக்கும் வேலை தொடங்கிவிட்டது. அந்த நிலையில் எடுத்து வீட்டுக்குள் வைத்தாலும் நன்றாகப் பழுக்கும். வெயில் காலத்தில் இது நல்லதும்கூட. கடும் வெப்பத்தில் சிவப்பு நிறம் சரியாக ஏறாமல் மஞ்சளும் ஆரஞ்சுமாக நின்றுவிடும். அணிலுக்கும் முந்திக்கொள்ளலாம். குளிர்சாதனப் பெட்டியில் மட்டும் வைக்க வேண்டாம், வாசனை போய்விடும்.

கீரையில் கணக்கு தலைகீழ்

கீரையில் காய் கிடையாது, ஆனால் அதே போட்டி உண்டு. இலையா, பூவா? பூங்கதிர் வந்துவிட்டால் இலை சிறுத்து, தண்டு நார் ஏறிவிடும். சிறுகீரை, முளைக்கீரையை இளசாக வேரோடு பிடுங்குவதுதான் வழக்கம். அரைக்கீரையை அடியில் சில கணு விட்டு அறுத்தால், கணுவிலிருந்து புதுக் கிளை வெடித்து மாதக்கணக்கில் வரும். அறுக்காமல் விட்ட அரைக்கீரை சீக்கிரமே கதிர் வைக்கும். வேண்டிய அளவு ஒரு மூலையில் அறுத்து, மிச்சத்தை "அப்புறம் பார்க்கலாம்" என்று விடுவதால்தான் பாதிப் பாத்தி வீணாகிறது.

கறிவேப்பிலையை இலை இலையாக உருவக் கூடாது. கிளையின் நுனியோடு ஒடித்தால் அடியில் இரண்டு மூன்று கிளை வரும். நுனியில்தான் பூங்கொத்தும் வருகிறது என்பதால், ஒடிப்பதே பூவையும் தடுத்துவிடும். பசலை, பொன்னாங்கண்ணி, புதினா எல்லாமே நுனி கிள்ளக் கிள்ளப் படர்பவை.

பறிக்கும் கை

காலை நேரம் நல்லது. இரவெல்லாம் குளிர்ந்து, தண்ணீர் நிறைந்து இருப்பதால் காயும் கீரையும் வாடாமல் நிற்கும். அவரை, பீன்ஸ் கொடியை மட்டும் பனி ஈரம் உலர்ந்த பிறகு தொடுங்கள். ஈர இலையில் கை படப் பட நோய் ஒரு செடியிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்.

இழுத்துப் பறிக்காதீர்கள். வெண்டை, கத்தரிக் காம்பு கட்டை மாதிரி இருக்கும். இழுத்தால் தொட்டி மண்ணில் வேர் ஆடிப்போகும், அல்லது பட்டை உரிந்துவிடும். சின்னக் கத்தரிக்கோல் போதும். கத்தரிக்காயைத் தொப்பியோடும் கொஞ்சம் காம்போடும் வெட்டினால் நாலு நாள் தாங்கும். வெண்டைச் சுணை கையை அரிக்கும், பழைய முழுக்கைச் சட்டை ஒன்றை மாடிக் கதவிலேயே மாட்டி வைத்திருக்கிறேன்.

ஒன்றை மறந்துவிடக் கூடாது. பறிப்பது என்றால் பையிலிருந்து சத்தை வெளியே எடுத்துக்கொண்டு போவது. நிலத்தில் வேர் தள்ளிப்போய்த் தேடிக்கொள்ளும், பையில் இருப்பது அவ்வளவுதான். அடிக்கடி பறிக்கிறவர் அடிக்கடி கொடுக்கவும் வேண்டும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு பைக்கும் இரண்டு கை மண்புழு உரமோ நன்றாக மக்கிய தொழுவுரமோ போடுகிறேன். நடுவில் கடலைப் புண்ணாக்கை ஊறவைத்து, தண்ணீர் நிறையக் கலந்து ஊற்றுவேன். பஞ்சகவ்யம் தெளிப்பதானால் லிட்டர் தண்ணீருக்கு 30 மில்லி, அதற்குமேல் வேண்டாம்.

அப்படியானால் விதைக்கு?

இங்கேதான் உண்மையான சிக்கல். முற்ற விட்டால் காய்ப்பு நிற்கும், முற்ற விடாவிட்டால் விதை கிடையாது. நாட்டு ரகம் ஒன்றைக் கையில் வைத்திருப்பவருக்கு இது சின்ன விஷயமில்லை. சில ஊர்க் கத்தரியும் அவரையும் எந்த விதைக் கடையிலும் கிடைக்காது. நாலு வீட்டில் தொடர்ந்து விதை எடுப்பதால்தான் அவை உயிரோடு இருக்கின்றன. ஒரு வருடம் எல்லோரும் விட்டால் முடிந்தது.

பெரும்பாலான வீடுகளில் என்ன நடக்கிறதென்றால், காய்ப்புக் காலம் முழுக்கப் பறித்துச் சாப்பிட்டுவிட்டு, கடைசியில் கண்ணுக்குத் தப்பி முற்றிப்போன காயை விதைக்கு எடுக்கிறார்கள். வீணாகாமல் போனது சரிதான். ஆனால் யோசித்துப் பாருங்கள். அது களைத்துப்போன செடியின் கடைசிக் காய். பூச்சியும் நோயும் ஏறிய நேரத்தில் பிடித்தது. விதை சோடையாக இருக்க வாய்ப்பு அதிகம். பல வருடம் இப்படியே எடுத்தால், பிந்திக் காய்க்கும் செடிகளையே நாம் தேர்ந்தெடுத்துக்கொண்டிருப்போம். விதைக்காக நாம் தேர்வு செய்வது போய், மிச்சம் என்ன விழுகிறதோ அது விதையாகிறது.

நான் கடைப்பிடிப்பது இது: எல்லாச் செடியிலும் ஒரு காய் விடுவதற்குப் பதில், ஒரு செடியை முழுசாக விதைக்கு விட்டுவிடுவது. ஐந்து வெண்டை இருந்தால் நாலு சாப்பாட்டுக்கு, ஒன்று விதைக்கு. எது என்று முதல் இரண்டு மூன்று பறிப்பிலேயே தெரிந்துவிடும். திடமாக, சீக்கிரம் காய்த்த, இலையில் மஞ்சள் நரம்பு நோய் தட்டாத செடி. அதில் ஒரு சிவப்புத் துணி கட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் வீட்டில் யாராவது பறித்துவிடுவார்கள். அந்தச் செடி சீக்கிரம் முடிந்துவிடும். முடியட்டும், அதன் வேலை அது. மற்ற நாலும் தொடர்ந்து காய்க்கும்.

வெண்டை விதை முற்ற, பூத்ததிலிருந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். காய் பழுப்பாகி, வரப்பில் கீறல் விடும்போது எடுக்கலாம். கத்தரியை மஞ்சளாகி மெத்தென்று ஆகும்வரை விட்டு, பிசைந்து தண்ணீரில் போட்டால் நல்ல விதை அடியில் தங்கும். தக்காளிச் சாற்றை விதையோடு இரண்டு நாள் புளிக்க விட்டுக் கழுவினால் வழவழப்பு போய்விடும். எல்லாவற்றையும் நிழலில் உலர்த்தி, ஈரம் புகாத டப்பாவில், பெயரும் தேதியும் எழுதி வைக்க வேண்டும்.

இரண்டு எச்சரிக்கை. பாக்கெட்டில் எஃப்1 என்று போட்டிருந்தால் அது கலப்பின வீரிய ரகம். அதிலிருந்து எடுத்த விதை முளைக்கும், ஆனால் தாயைப் போலப் பிள்ளை இருக்காது. இன்னொன்று, பக்கத்து வீட்டு மாடியில் வேறு வெண்டை இருந்தால் தேனீ இரண்டையும் கலந்துவிடும். வெண்டைப் பூ தன் மகரந்தத்தாலேயே காய் பிடிக்கக்கூடியது. அதனால் மறுநாள் விரியப்போகும் மொட்டை மாலையிலேயே மெல்லிய துணிப் பையால் மூடிக் கட்டி, காய் பிடித்ததும் பையை எடுத்து, காம்பில் நூல் கட்டி அடையாளம் வைத்தால் ரகம் மாறாது. கொடிக் காய்களில் அது நடக்காது. அவற்றில் ஆண், பெண் மொட்டு இரண்டையும் மூடி வைத்து, கையால் மகரந்தம் சேர்த்து, மறுபடி பெண் பூவை மூட வேண்டும்.

ஊருக்குப் போகும்போது

பறிப்பது பயிர் வேலை என்று ஒப்புக்கொண்டால் இதற்கும் பதில் வந்துவிடும். ஒரு வாரம் வெளியூர் போகிறோம் என்றால், பக்கத்து வீட்டில் சாவியைக் கொடுத்து, "செடிக்குத் தண்ணி மட்டும் ஊத்திடுங்கக்கா" என்கிறோம். அவர்களும் பாவம், காயில் கை வைக்கக் கூடாது என்று மரியாதையாக விட்டுவைப்பார்கள். திரும்பி வந்தால் செடி பச்சையாக இருக்கும், ஆனால் காயெல்லாம் முற்றி, நுனியில் மொட்டு நின்றுபோயிருக்கும்.

போகிற அன்று காலையில் விரல் கடை அளவுள்ள பிஞ்சுவரை எல்லாவற்றையும் பறித்துவிடுங்கள். பிறகு இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "தண்ணி ஊத்தும்போது காய் இருந்தா நீங்களே பறிச்சு எடுத்துக்கோங்கக்கா, விடாதீங்க. அந்தச் சிவப்புத் துணி கட்டின செடிய மட்டும் தொட வேணாம்." அவர்கள் வீட்டில் ஒரு வாரம் பொரியல் நடக்கும், உங்கள் செடி இன்னும் ஒரு மாதம் காய்க்கும்.